டொபியே கொடுக்கவில்லை, பல் ஏன் சூத்தையானது?

கேள்வி: என் மகளுக்கு 3 வயதும் 4 மாதமும். மேல்வாய் முன்பற்கள் நான்கும் பழுப்பாகி உதிர்ந்துகொண்டு வருகின்றன. இரண்டு பற்கள் முரசோடு ஒட்டிய துண்டாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. கீழ் முன்பற்கள் நன்றாக இருக்கின்றன. நான் அவளுக்கு டொபியோ சொக்லேட்டோ கொடுத்ததே இல்லை. ஒரு வயதுவரை தாய்ப்பால், அதன்பிறகு போத்தலில் பால்மா. 2 கரண்டி சீனி போடாவிட்டால் குடிக்க மாட்டாள். சாப்பாடு குறைவு என்பதால் பிஸ்கட், ரஸ்க் என்று ஏதாவது கையில் இருந்துகொண்டே இருக்கும். கல்சியம் குறைவு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் பரம்பரைப் பல்லே அப்படித்தான் என்கிறார் மாமி. பால்பல்தானே, விழுந்து முளைக்கும், விடு என்கிறார்கள் மற்றவர்கள். முன்பள்ளியில் யாரோ 'ஓட்டைப்பல்' என்று சொல்லிவிட்டார்களாம். கட்டாரில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் கதைக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நான் எங்கே பிழைவிட்டேன்? இளையவனுக்கு 7 மாதம், முதல் பல் எட்டிப் பார்க்கிறது. அவனுக்கும் இப்படி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாய், உப்புவெளி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். டொபியே கொடுத்ததில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறேன். திருகோணமலையில் 20 வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் வாயைப் பார்த்து வருகிறேன். சூத்தைப் பல்லோடு பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மாரில் அநேகம் பேர் கதிரையில் உட்காருவதற்கு முன்பே சொல்வது இதைத்தான். அவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. இனிப்பு பல்லுக்குக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இனிப்பு என்றதும் எங்கள் மனதில் வருவது பளபளக்கும் தாளில் சுற்றிய ஒன்றுதான். பால்போத்தல் அந்தக் கணக்கில் வருவதில்லை. ரஸ்க்கும் வருவதில்லை, அது காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் சாமான் அல்லவா?

கடிதத்தின் பின்பக்கத்தில் மகளின் ஒரு நாளை மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்காமலே எழுதினீர்கள், அதற்கு நன்றி. மற்றவர்களும் பார்க்கட்டும் என்று அதை இங்கே தருகிறேன். காலை 6 மணிக்கு ஒரு போத்தல் பால். 8 மணிக்குத் தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க். 10 மணிக்கு முன்பள்ளியில் ஜாம் பூசிய பாண். மத்தியானம் சோறு, நாலு வாய். அப்புறம் போத்தலோடு நித்திரை. 4 மணிக்குப் பால்தேத்தண்ணியும் பிஸ்கட்டும். 6 மணிக்கு அழுதால் ஒரு ஜூஸ் பக்கற். இரவு இடியப்பம், அதுவும் அரைகுறை. 9 மணிக்குப் படுக்கையில் போத்தல். 2 மணிக்கு எழும்பினால் இன்னொரு போத்தல்.

சோற்றையும் இடியப்பத்தையும் விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் 8 தரம் அவளது வாய்க்குள் சீனி போகிறது. உங்கள் கேள்விக்கு விடை இந்த எட்டில்தான் இருக்கிறது.

பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் இருக்கும், நாக்கால் தடவினால் வழுவழுப்பாகத் தெரியும். அதில் கோடிக்கணக்கில் கிருமிகள். சீனி கிடைத்ததும் அவை அதைத் தின்று சில நிமிடங்களுக்குள் அமிலத்தை வெளிவிடும். அமிலம் கூடக் கூட வாயின் பிஎச் என்ற அளவு இறங்கும், அது ஏறக்குறைய 5.5 க்குக் கீழே போனால் பல்லின் மேல்தோலான எனாமலில் இருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் ஊறி அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பல்லுக்குள் சேர்க்கும். அந்தத் தணிப்புக்கே அரை மணித்தியாலம் அளவில் வேண்டும், சில வேளை இன்னும் கூட. டச்பே கடற்கரையில் பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு அலை வந்து ஓரத்தைக் கரைத்துவிட்டுப் போனால் அடுத்த அலைக்குள் மணலை அள்ளி அப்பிவிடுவார்கள். அலை விடாமல் வந்தால் பிள்ளைகளுக்கு அப்ப நேரம் ஏது? உங்கள் மகளின் எச்சிலுக்கும் அதே நிலைதான்.

எவ்வளவு சீனி என்பதை விட எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்பது பல்லுக்குப் பெரிய விஷயம். இது பழைய ஆராய்ச்சி ஒன்றிலேயே தெளிவாகத் தெரிந்தது. 1940களில் சுவீடனில் விப்பெஹோல்ம் என்ற, அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான காப்பகத்தில் இருந்தவர்களுக்குப் பல விதமாகச் சீனி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 1954இல் வந்தன. சாப்பாட்டோடு சீனி சேர்த்துக் கொடுத்தவர்களுக்குச் சூத்தை அவ்வளவாகக் கூடவில்லை, சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டுகிற டொபி கொடுத்தவர்களுக்கு மளமளவென்று கூடியது. மறுக்கத் தெரியாத மனிதர்களின் பற்களை அப்படிக் கெடுத்துப் பார்த்தது பெரிய அநியாயம், இன்று யாரும் அதற்கு அனுமதி கொடுக்க மாட்டார்கள். படிக்கிற காலத்தில் இதை வாசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் அதில் தெரிந்ததைத்தான் இன்றைக்கும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி இரவுக்கு வருவோம். அந்த எட்டில் மிக மோசமானவை 9 மணிப் போத்தலும் 2 மணிப் போத்தலும். நித்திரையில் எச்சில் ஊறுவது ஏறக்குறைய நின்றுவிடும். விழுங்குவதும் குறைந்துவிடும். கடைசி வாய்ப் பால் மேல் முன்பற்களைச் சுற்றி அப்படியே தேங்கி நிற்கும். கீழ்ப்பற்கள் ஏன் தப்பின என்று யோசித்திருப்பீர்கள். சூப்பும்போது நாக்கு முன்னுக்கு வந்து கீழ் முன்பற்களை மூடிக்கொள்ளும், நாக்குக்குக் கீழே எச்சில் சுரப்பிகளும் உண்டு. மேல் நாலும் கரைந்து, கீழ் நாலும் முத்துப்போல இருக்கிற வாயைக் கண்டால், தாய் வாய் திறப்பதற்கு முன்பே "இரவில் போத்தலா?" என்று கேட்டுவிடுவேன். உங்கள் மகளின் வாயும் அதே மாதிரித்தான்.

பால் கெட்டதா? இல்லை. பாலில் இயல்பாக இருக்கும் லக்ரோஸ், சீனிகளிலேயே பல்லுக்குக் குறைவாகத் தீங்கு செய்வது. நீங்கள் போட்ட 2 கரண்டி வேறு கதை. தட்டையாக அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். ஒரு நாளில் 4 போத்தல் என்றால் 8 கரண்டி, 32 கிராம். சேர்க்கும் சீனி ஒரு நாளைய சக்தியில் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 வீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அவள் வயதுப் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 1,200 கலோரி என்று வைத்தால் 10 வீதம் என்பது 30 கிராம், 5 வீதம் 15 கிராம். ஜூஸையும் ஜாமையும் தேத்தண்ணியையும் கணக்கில் எடுக்காமலே, போத்தல்களே அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ரின்பால் ஊற்றிக் கொடுக்கிற வீடுகளில் நிலைமை இன்னும் மோசம், அதில் ஏறக்குறைய பாதி சீனிதான்.

இவ்வளவும் சொன்னாலும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. சீனி எப்படி உள்ளே வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கிளினிக்கில் நிறை பார்க்கும் நாள் வரும். புள்ளி போன மாதத்தை விடக் கொஞ்சம் கீழே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்பார், அம்மா தொலைபேசியில் கேட்பார். பிள்ளை மெலிந்துபோனாள் என்று தெருவில் போகிறவரும் சொல்வார். பால் குடித்தாலாவது பரவாயில்லை என்று ஒரு கரண்டி சீனி போடுவோம், பிறகு இரண்டாகும். நிறைக்கோடு ஏறுகிறதா என்று பார்க்க ஊரே இருக்கிறது, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்க ஒருவரும் இல்லை.

உங்கள் பட்டியலில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. அவளுக்குப் பசியில்லை என்கிறீர்கள். 4 போத்தல் என்றால் எப்படியும் 800 மில்லிலீற்றர் பால். இந்த வயதுக்கு 400, 500 போதும். வயிறு பாலால் நிறைந்திருந்தால் சோறு எங்கே போகும்? சோறு சாப்பிடவில்லை என்று பிஸ்கட், பிஸ்கட் தின்றதால் இரவுச் சாப்பாடும் வேண்டாம், இரவு சாப்பிடாததால் 2 மணிக்குப் பசி. பால் மட்டும் கூடினால் இரும்புச்சத்தும் குறைந்து பிள்ளை வெளிறிப்போவாள், இரும்பு குறைந்தாலும் பசி வராது. போத்தலைக் குறைத்தால் பல் மட்டுமல்ல, சாப்பாட்டுச் சண்டையும் பாதியாகும். நிறை கூட வேண்டுமென்றால் சோற்றில் மசித்த பருப்பு, முட்டை மஞ்சட்கரு, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது பட்டர், முள் நீக்கிய மீன் என்று சேருங்கள். கடல் எங்கள் வாசலில் இருக்கிறது. நெத்தலியும் சூடையும் கிடைக்கிற ஊரில் பிள்ளையை ரஸ்க்கால் வளர்க்க வேண்டியதில்லை. கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷ கிடைத்தால் நல்லது, சீனியை அள்ளிப் போட்டு உருண்டை பிடித்து நாள் முழுக்கக் கையில் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பிஸ்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டொபி ஒட்டினாலும் கரைந்து போய்விடும். பிஸ்கட்டும் ரஸ்க்கும் எச்சிலில் களியாகி, பின்னால் இருக்கும் கொடுப்புப் பல்லின் பள்ளங்களுக்குள் அப்பிக்கொள்ளும். கடித்துவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து வாயைத் திறந்து பார்த்தாலும் இருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நிற்கும் மான்களுக்குப் பிள்ளைகள் பிஸ்கட் நீட்டுவார்கள், மீதி அவர்கள் வாய்க்குள் போகும். அப்படி ஒரு நாள் தின்பதால் ஒன்றும் ஆகாது. வீட்டில் டின் திறந்தபடி இருந்து, போகவர ஒன்று எடுப்பதுதான் பல்லைத் தின்பது.

பனங்கட்டி, கல்லாக்காரம், தேன் எல்லாம் இயற்கையானவை, அவை பரவாயில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கிண்ணியாவில் இருந்து வரும் தாய்மார் பேரீச்சம்பழத்தைப் பற்றிக் கேட்பார்கள். சத்தான பழம்தான், ஆனால் ஒட்டும். சாப்பாட்டோடு கொடுத்து மேலே தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். தேன் விஷயத்தில் பல்லை விட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு வயதுக்குக் கீழே தேன் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வரும். என் மூத்தவன் கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், என் அம்மா சூப்பியைத் தேனில் தோய்த்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பேராதனையில் வாங்கிய பட்டம் அவருடைய தலைக்கு நேர் மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாணி மருந்துகளிலும் பலவற்றில் சீனி உண்டு. அடிக்கடி சளி, இழுப்பு என்று மருந்து குடிக்கிற பிள்ளையாக இருந்தால், குடித்தபின் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

பரம்பரை, கல்சியம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனாமலின் தன்மையிலும் எச்சிலிலும் பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் 3 வயதில் முன்பல் நாலும் கரைவதற்கு அது காரணமாகாது. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருவது பல்லை விட தேத்தண்ணியில் போடும் சீனியின் அளவுதான், மாமி கோபிக்கக் கூடாது. கல்சியத்துக்கு வந்தால், மேல் முன்பால்பற்களின் எனாமல் நீங்கள் அவளை வயிற்றில் சுமந்தபோதே உருவாகத் தொடங்கி, பிறந்து சில மாதங்களுக்குள் முடிந்துவிட்டது. இப்போது எத்தனை குளிசை கொடுத்தாலும் கரைந்த இடம் வளராது. வாய்க்குள் புகை பிடித்தால் பல்லுப்புழு விழும் என்று யாராவது சொன்னால் அவர்கள் பக்கமே போகாதீர்கள். பல்லில் புழு என்று ஒன்று இல்லை.

சரி, பால்பல்தானே, விழுந்து முளைக்கும்தானே? முன்பற்களைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. அவை 6 முதல் 8 வயதுக்குள் விழும். கொடுப்புப் பால்பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. உங்கள் மகள் இன்னும் 7, 8 வருடம் அவற்றால்தான் மென்று சாப்பிட வேண்டும். பால்பல்லின் எனாமல் மெல்லியது, சூத்தை சீக்கிரம் நரம்புவரை போகும். கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லைச் சீழ் பாதிக்கவும் கூடும். கொடுப்புப் பால்பல்லை முந்திப் பிடுங்கினால் 6 வயதில் அதன் பின்னால் முளைக்கும் பெரிய பல் முன்னுக்கு நகர்ந்து இடத்தைப் பிடித்துவிடும், பிறகு வருவதற்கு இடமில்லாமல் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அந்த 6 வயதுப் பல் எந்தப் பால்பல்லையும் விழுத்திவிட்டு வருவதில்லை, பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். அதுவும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிற பெற்றோர் நிறைய.

ஆகவே மகளின் முன்பற்களுக்காக அழுவதை விட்டுவிட்டு, முதலில் பின்பற்களைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், வாயை அகலத் திறக்க வைத்து. பள்ளங்கள் கறுத்திருக்கின்றனவா, ஓட்டை தெரிகிறதா? நான் வாயைப் பார்க்காமல் வைத்தியம் சொல்ல முடியாது. ஆனாலும் என்னென்ன வழி உண்டு என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். முரசோரம் சுண்ணாம்புபோல வெள்ளைக் கோடு மட்டும் இருந்தால், எனாமலை உறுதியாக்கும் புளோரைட் வார்னிஷ் பூசிச் சாப்பாட்டையும் திருத்தினால் அது மேலும் போகாமல் நிற்கும், பல் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடும். சிறிய ஓட்டையைக் கைக்கருவியால் சுரண்டி கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்தால் அடைக்கலாம், பல பிள்ளைகளுக்கு ஊசியும் வேண்டாம், துளைக்கும் இயந்திரமும் வேண்டாம். சில்வர் டயமின் புளோரைட் என்று ஒரு திரவம் உண்டு, பூசினால் சூத்தை பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும், இடம் மட்டும் கறுத்துப்போகும். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது. முன்பல் கறுத்தால் வடிவாக இருக்காதே என்று தாய்மார் தயங்குவார்கள், பின்பல்லுக்கு அந்தக் கவலை இல்லை. முரசோடு துண்டாக நிற்கும் அந்த இரண்டையும் சீழ் பிடித்திருந்தால் எடுக்கத்தான் வேண்டிவரும். எடுத்தால் 7, 8 வயதுவரை பொக்கை வாய். சில எழுத்துகள் கொஞ்சம் மழலையாக வரும். அதற்கு மேல் பெரிய நட்டம் இல்லை. முரசில் பருப்போல கொப்புளம், இரவில் வலியோடு எழும்புவது, கன்னம் வீங்குவது, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே வைத்தியசாலை.

போத்தலை நிறுத்துவதுதான் கஷ்டமான வேலை. ஒரேயடியாகக் குப்பையில் போடச் சொல்கிறவர்கள் உண்டு, சில வீடுகளில் அது சரிவரும். நான் படிப்படியாகக் குறைக்கச் சொல்வேன், ஏனென்றால் இரவு 2 மணிக்கு அழுகிற பிள்ளையோடு தனியாக இருப்பது நீங்கள், நான் இல்லை. முதலில் இரவுப் போத்தல்களில் கை வையுங்கள். நாலு நாளைக்கு ஒருமுறை சீனியை அரைக் கரண்டி குறையுங்கள், கூடவே மாவையும் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். இரண்டு, மூன்று கிழமையில் அது வெறும் தண்ணீராகிவிடும். வெறும் தண்ணீருக்காக எழும்புவது அவளுக்கே அலுத்துப்போகும். பகலில் பாலை மூடியுள்ள கோப்பைக்கு மாற்றுங்கள், சாப்பாட்டு மேசையில் இருந்து குடிக்கட்டும், கையில் எடுத்துக்கொண்டு திரியக் கூடாது. மாமியிடம் முதலே சொல்லிவிடுங்கள். மூன்று இரவு நீங்கள் பொறுத்து, நாலாம் இரவு "பாவம் பிள்ளை" என்று அவர் ஒரு போத்தல் கரைத்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு இடையில் ஏதாவது வேண்டும்தான், சின்ன வயிறு. மூன்று சாப்பாடு, இரண்டு சிற்றுண்டி என்று ஐந்துக்குள் வையுங்கள். அவித்த சோளம், அவித்த பயறு தேங்காய்ப்பூவோடு, முட்டை, வாழைப்பழம், வெள்ளரி, சீனி போடாத தயிர். மூதூரிலும் தம்பலகாமத்திலும் இருந்து வருகிற எருமைத்தயிர் இருக்க யோகட் எதற்கு? ஆனால் பாணி ஊற்றாமல் பழக்குங்கள். முழுக் கச்சான் மட்டும் இந்த வயதில் வேண்டாம், தொண்டையில் சிக்கும். ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் தின்றால் தின்னட்டும். டொபி கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சோறு சாப்பிட்ட கையோடு கொடுத்துவிடுங்கள், அதே டொபியை 4 மணிக்குக் கொடுப்பதை விட அது மேல். டொபியை இத்தனை நாளும் மறைத்து வைத்த உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

பல் தீட்டுவது இனி உங்கள் வேலை, அவளுடையது அல்ல. 7, 8 வயதுவரை பெரியவர் ஒருவர் தீட்டிவிட வேண்டும், அவள் ஆசைக்குப் பிறகு தீட்டிக்கொள்ளட்டும். பாயில் சப்பாணி கட்டி இருந்து அவள் தலையை உங்கள் மடியில் வைத்தால் வாய் முழுக்கத் தெரியும். காலையில் ஒருமுறை, படுக்கப் போகும்முன் ஒருமுறை, இரவுத் தீட்டலுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். பற்பசை வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். புளோரைட் 1,000 பிபிஎம் ஆவது இருக்க வேண்டும். சிறுவர் பசைகள் சிலவற்றில் புளோரைட்டே இல்லை. 3 வயதுவரை ஓர் அரிசி மணி அளவு, அதன்பின் 6 வயதுவரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். தீட்டியபின் துப்பட்டும், கொப்பளிக்க வேண்டியதில்லை.

புளோரைட் என்றதும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்பீர்கள். வறண்ட வலயத்தின் உட்பகுதிகளில் சில ஆழ்கிணறுகளில் புளோரைட் கூடுதலாக இருப்பது உண்மை, குடித்து வளரும் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வெள்ளை, மண்ணிறத் திட்டுகள் வரும். அது வேறு, உங்கள் மகளுக்கு வந்திருப்பது வேறு. அதற்காகப் பசையை நிறுத்த வேண்டாம், அளவைக் கவனித்தால் போதும்.

இளையவனுக்கு வருவோம். பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிற நேரம் வந்துவிட்டது போல. தலையில் கொழுக்கட்டை கொட்டி, அவன் பேனையை எடுக்கிறானா காசை எடுக்கிறானா என்று ஊரே பார்க்கும். என்னைக் கேட்டால் அந்தத் தட்டில் ஒரு குட்டிப் பிரஷ்ஷும் வைப்பேன், அவன் எதை எடுத்தாலும் அன்று இரவே தீட்டத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை, முதல் வருடத்தில் அது பல்லுக்குப் பாதுகாப்பும்கூட. ஒரு வயது தாண்டி, பல் நிறைய முளைத்தபிறகு, இரவு முழுக்க மார்பை வாயில் வைத்தபடி நித்திரை கொள்வதை மட்டும் மெல்ல மெல்லக் குறையுங்கள். கஞ்சிக்கும் பழக்கூழுக்கும் சீனி வேண்டாம். சீனியின் ருசி தெரியாத பிள்ளை அதைக் கேட்பதில்லை. அவனுக்குப் போத்தலே பழக்காமல், 6 மாதத்துக்குப் பிறகு தண்ணீரைக் கோப்பையிலேயே கொடுத்து வாருங்கள். மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள், வெள்ளைக் கோடு தெரிந்தால் அன்றே கொண்டுவாருங்கள். உங்கள் வாயில் சூத்தை இருந்தால் அதையும் பார்த்து அடைத்துக்கொள்ளுங்கள். சூத்தைக் கிருமி பெரும்பாலும் தாயின் எச்சிலில் இருந்துதான் பிள்ளைக்குப் போகிறது, ஒரே கரண்டியால் ருசி பார்த்து ஊட்டும்போது.

மகளைக் கூட்டிப்போவதற்கு, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பல் பிரிவு இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலையில் பணம் இல்லை. சிறுபிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களும் உண்டு, உங்களுக்குக் கிட்டே எங்கே என்று குடும்பநல உத்தியோகத்தரான மிஸ்ஸிடம் கேளுங்கள். காலையில், அவள் நித்திரை முடிந்து சாப்பிட்ட பிறகு கூட்டிப்போங்கள். முதல்நாளே வேலை செய்ய விடுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம், கதிரையில் ஏறி இறங்கினாலே அன்றைக்குப் போதும். "குழப்படி செய்தால் பல்லு டொக்டர் ஊசி போடுவார்" என்று வீட்டில் யாராவது சொல்லிவந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பேத்தியோடு மாமியும் வரட்டும், கதிரைக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு வாங்கு இருக்கும்.